நிறுத்தினால் எழுந்துவிடுவார்

ட்யூப் டிவி விற்பதற்கு இருக்கிறதா என்று எனக்கு போன் செய்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லை. கெஞ்சினாலும் இல்லை. பெங்களூரிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாலும் இல்லை. போன வாரம் அப்படித்தான் ஒருத்தர் வந்தார். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வெச்சிருக்கீங்களே, ஒண்ணு குடுத்தா என்ன குறைஞ்சிடும்?" என்றார். அவரை கேட்டுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன். என்ன குறையும் என்று அவரிடம் சொல்லவில்லை. இப்போது எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் பெயர் சுபைர். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் ஷெட், ஷெட்டுக்கு மேலே வீடு. ஒரு காலத்தில் ஊரே ட்யூப் டிவியைத் தூக்கி வீசியது. காசு கொடுத்து வாங்கினது, அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, எல்லாம் என் ஷெட்டுக்குத்தான் வந்து சேரும். பின்பக்கத்துச் செம்புச் சுருளைக் கழற்றிவிட்டு, ட்யூபின் கழுத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டுவேன். அந்தக் கண்ணாடிக்குள் காற்றே கிடையாது. கழுத்து உடைந்ததும் 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக மூச்சை உள்ளே இழுக்கும். அதற்குப் பிறகு அது வெறும் கண்ணாடி. ஆயிரம் ட்யூபுக்கு மேல் இந்தக் கையால் தட்டியிருக்கிறேன். ஒன்றுக்காகவும் வருத்தப்பட்டதில்லை.

என் சுத்தியலைப் பிடித்து நிறுத்தியவன் அமீர். என் மனைவி ஃபரீனின் தம்பி. அவனுக்கு ஆறு வயதாகும்போது அவர்களுடைய அம்மா மௌத்தாகிவிட்டார்கள். அதன்பிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் ஃபரீன்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவன் இருந்ததால் அந்தக் குறையும் எங்களுக்குத் தெரியவில்லை.

"தட்டாதீங்க மச்சான். இதுக்கு ஆள் இருக்கு" என்றான்.

யார் என்று கேட்டேன். பழைய வீடியோ கேம் ஆடுகிறவர்களாம். புது டிவியில் பொத்தானை அமுக்கினால் பொம்மை கொஞ்சம் கழித்துத்தான் குதிக்கிறதாம். ட்யூபில் அமுக்கின கையோடு குதிக்குமாம். அந்தக் கறுப்பு, அந்தச் சிவப்பு எல்லாம் புதுசில் வரவே வராதாம். ட்யூப் செய்கிற கம்பெனிகளெல்லாம் மூடிவிட்டதால், இருக்கிறதைத் தேடி அலைகிறார்களாம்.

"பைத்தியம் புட்ச்ச பசங்க" என்றேன்.

ஆனாலும் சுத்தியலைக் கீழே வைத்தேன். அமீர் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

மலையிலிருந்து போன் வந்தது ஒரு கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு தனி வீடு. இருபத்தோரு இஞ்ச் டிவி ஒன்று ஓடுகிற நிலையில் இருக்கிறது, இன்றைக்கே வந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்றாள் ஒருத்தி. அவள் பெயர் அம்சவள்ளி. ஐம்பது வயதுக்காரியை மரியாதை இல்லாமல் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். முழுக்கப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை இந்து வீடுகளில் பழைய பேப்பரைக்கூட வெளியே விடமாட்டார்கள். லட்சுமி போய்விடும் என்பார்கள். இத்தனை வருஷத் தொழிலில் வெள்ளிக்கிழமை சாமான் எடுக்க வா என்று ஒரு வீட்டிலும் கூப்பிட்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஃபரீன் வேறு, "ஜும்மாவ வுட்டுட்டு எவ வூட்டுக் குப்பைய அள்ளப் போறீங்க?" என்று கேட்டாள். அவள் பேச்சையும் கேட்கவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது தூறல் இருந்தது. மேலே போனதும் தூறல் நின்று பனிமூட்டம் பிடித்துக்கொண்டது. பகல் பதினொரு மணிக்கு நானும் அமீரும் லோடு வண்டியின் விளக்கைப் போட்டுக்கொண்டு போனோம். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் அந்த வீடு இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கினேன். இலைகூட அசையவில்லை.

ஆனால் வீட்டுக்குள் மழை பெய்கிற சத்தம் கேட்டது.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஜன்னல்களைச் சாக்குப்பை கட்டி மூடியிருந்தார்கள். ஈரக் கம்பளி வாடையும் பீடி வாடையும் கலந்து அடித்தன. அறையின் நடுவில் ஸ்டாண்டின்மேல் டிவி ஓடிக்கொண்டிருந்தது. படம் இல்லை. வெறும் புள்ளிகள், கறுப்பும் வெள்ளையுமாக. மழைச் சத்தம் அதிலிருந்துதான் வந்தது. அதற்கு நேர் எதிரில் ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று. உட்காருகிற இடம் நன்றாகக் குழிந்திருந்தது.

"குறுக்க போவாதீங்க" என்றாள் அம்சவள்ளி. "சுத்தி வாங்க."

அவள் டிவிக்குப் பின்பக்கமாகச் சுவரை ஒட்டி நடந்து காட்டினாள். அந்த இடத்தில் மட்டும் சிமெண்டுத் தரை தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"கேபிள் இல்லியாம்மா?" என்று அமீர் கேட்டான்.

"அது போயி அஞ்சு வருசமாச்சி."

"அப்புறம் எதுக்கு ஓடுது?"

"எடுத்துக்கினு போறீங்களா, இல்லியா?"

ஸ்டாண்டுக்கு அடியில் பெரிய இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்று இருந்தது. வீட்டில் ஒரு ஃபேன்கூட இல்லை. இந்த ஒரு பெட்டிக்காக இன்வெர்ட்டரா என்று யோசித்தேன். யோசித்ததோடு சரி.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் அமீர் பையிலிருந்து ஒரு சின்ன கேம் மெஷினை எடுத்து மாட்டி, எதிரில் உட்கார்ந்து ஆடிப் பார்த்துத்தான் எடுப்பான். வாங்குகிறவன் எங்கே உட்காருவானோ அங்கிருந்து பார்க்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அன்றைக்கும் மாட்டினான். நேராகப் போய் அந்த ஒயர் நாற்காலியில் உட்கார்ந்தான்.

அம்சவள்ளியின் கை மேலே வந்தது. வாய் திறந்தது. அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

நான் பார்த்தேன். அதை என் கபர் வரைக்கும் மறக்கமாட்டேன்.

"மச்சான், கலரப் பாருங்க" என்றான் அமீர். நிஜமாகவே அழகாக இருந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. ஐந்து நிமிஷம் ஆடிவிட்டு, மெஷினைக் கழற்றிக்கொண்டு எழுந்தான். திரும்பவும் புள்ளிகள் வந்தன. அவன் எழுந்த பிறகும் நாற்காலியின் குழி மேலே வரவில்லை.

"காசு வேணாம்" என்றாள் அம்சவள்ளி. கையில் துணிப்பை வைத்திருந்தாள். "நான் ரோட்டுக்குப் போனப்புறம் நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி வேணாம்."

பனிக்குள் வேகமாக நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பிளக்கைப் பிடுங்கினேன். மழை நின்றது. புள்ளிகளெல்லாம் நடுவில் ஒரே பொட்டாகச் சுருங்கி அணைந்தன. அமீர் பின்பக்க மூடியைக் கழற்றக் குனிந்தான். நான் முன்னால் நின்றேன். அணைந்த ட்யூபில் அறை முழுக்கத் தெரியும் அல்லவா. வாசல் தெரிந்தது, சாக்குப்பை தெரிந்தது, நான் தெரிந்தேன்.

எனக்குப் பின்னால் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

அகன்ற தோள். வேட்டி. கைப்பிடிமேல் இரண்டு கைகள்.

திரும்பினேன். நாற்காலியில் யாரும் இல்லை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியிலும் நாற்காலி காலியாக இருந்தது. அப்பாடா, கண்தான் ஏமாற்றிவிட்டது என்று மூச்சு விட்டேன். நான் ஒரு முட்டாள். அவர் எழுந்துவிட்டார்.

"சார்ஜே இல்ல மச்சான்" என்றான் அமீர். பிளக்கைப் பிடுங்கினாலும் ட்யூபுக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்குரூ டிரைவரில் ஒயர் கட்டித் தொட்டால் 'டப்' என்று வெடித்து இறங்கும். அதைச் செய்யாமல் ட்யூபில் கை வைக்கமாட்டோம். "இப்பத்தான நிறுத்தினோம்? ஆறு மாசம் சும்மா கெடந்த மாதிரி இருக்கு."

வண்டியில் ஏற்றினோம். மூன்றாவது வளைவில் அமீர் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மச்சான், பின்னாடி கண்ணாடி தொறந்திருக்கா?"

"இல்லியே."

"கழுத்துல சில்லுன்னு இருக்கு."

ஐந்தாவது வளைவில் இருமினான். அணைக்கு வரும்போது தண்ணீர் குடிக்கக் கேட்டான். குடித்தது உள்ளே போகாமல் வெளியே வந்தது. ஊருக்குள் ஒரு கிளினிக்கில் கொண்டுபோய்ப் போட்டேன். டாக்டர் அவன் சட்டைக் காலரை விலக்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாருங்க கழுத்தப் புடிச்சது?"

பின்கழுத்தில் கறுத்த தடங்கள். ஒரு பக்கம் கட்டைவிரல், மறுபக்கம் மூன்று விரல். நான்குதான். ஒவ்வொன்றும் என் விரலைவிடத் தடிமன்.

ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. நான் வெளியே வந்து அம்சவள்ளிக்கு போன் செய்தேன். நைனார்பாளையத்தில் அவளுடைய அண்ணன் வீட்டில் இருந்தாள்.

"ஓடுதா?" என்றாள், ஹலோகூடச் சொல்லாமல்.

"எது?"

"பொட்டி. ஓடிக்கினு இருக்கா, நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

"நிறுத்தாம எப்படிம்மா தூக்கியாறது? என் மச்சினன் மூச்சு முட்டிக் கெடக்கறான். இன்னா வெச்சிருந்த அதுல?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அது ஓடிக்கினு இருந்தா எங்க வூட்டுக்காரரு பாத்துக்கினு இருப்பாரு. நிறுத்தினா எழுந்துப்பாரு."

அவள் புருஷன் கந்தசாமி. செத்து ஏழு வருஷம் ஆகிறது. கடைசிக் காலத்தில் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். டிவி பார்த்துக்கொண்டே உட்கார்ந்த வாக்கில் உயிர் போயிருக்கிறது. அவரை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு டிவியை நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் மகனுக்கு மூச்சு நின்றது. டிவியைப் போட்டார்கள், மூச்சு வந்தது.

"உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான்" என்றாள். "யாருனா குறுக்க போனா, 'நகரு, மறைக்குது'ன்னுவாரு. ஒரே தபாதான். ரெண்டாவது தபா சொல்லமாட்டாரு. கழுத்தப் புடிச்சிடுவாரு. கரும்பு ஆட்டற மெசின்ல சுண்டுவிரலு போயிகூட அந்தப் புடி வுடல."

"இத ஏன் அங்கியே சொல்லல?"

"சொன்னா எடுத்துக்கினு போயிருப்பீங்களா?"

"அவன் அந்த நாற்காலில ஒக்காந்தப்பவாவது தடுத்திருக்கலாமே?"

"எனக்கும் புள்ள இருக்குதுங்க. இத்தினி வருசம் அவன் கழுத்துதான்."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த எண் எடுப்பதே இல்லை.

அமீரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டிவியை அவன் அறையில் வைத்துப் பிளக்கைச் சொருகினேன். புள்ளிகள் வந்தன. மழைச் சத்தம் வந்தது. அமீர் கண்ணைத் திறந்து, "அக்கா, தண்ணி" என்றான். ஃபரீன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் கொடுத்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தான்.

அன்றிலிருந்து அது ஓடியது. அந்த அறைக்குள் போகும்போது நாங்களும் டிவிக்குப் பின்னால் சுற்றித்தான் போவோம். மலையிலிருந்து பார்த்து வந்த பழக்கம். அமீர் கடைக்குப் போனான், வந்தான், சாப்பிட்டான். மாடியில் சத்தம் இருக்கும்வரை அவனுக்கு ஒன்றும் இல்லை.

நான்காம் மாதம் புள்ளிகள் மங்கின. டிவி மெக்கானிக் பிரவீன்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ட்யூபு முடிஞ்சிபோச்சிண்ணே. இன்னும் ரெண்டு நாள் வரும். எங்கியும் இப்ப புதுசு செய்யறதில்ல. தூக்கிப் போட்டுட்டு எல்.இ.டி. வாங்குங்க" என்றான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கண்ணாடிக் குடுவைக்குப் பயந்துகொண்டு இருப்பதா? ஆயிரம் ட்யூபைக் கொன்றவன் நான். மறுநாள் மத்தியானம் அமீரைக் கடையில் உட்கார வைத்துவிட்டு, பெட்டியைக் கீழே இறக்கி, மூடியைக் கழற்றி, கழுத்தில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

கழுத்து உடைந்தது.

எல்லா ட்யூபும் மூச்சை உள்ளே இழுக்கும். இது வெளியே விட்டது.

நீளமான, அலுத்துப்போன மூச்சு. பீடி வாடை. ஈரக் கம்பளி வாடை. அது என் முகத்தில் பட்டு, என்னைத் தாண்டிக் கடைப்பக்கம் போனது.

அமீர் ஸ்டூலிலிருந்து விழுகிற சத்தம் கேட்டது.

ஃபரீன் ஓடிப்போய் ஹாலில் இருந்த எல்.இ.டி.யைப் போட்டாள். செய்தி ஓடியது. அமீரின் கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. அது ட்யூப் இல்லையே, அதில் அவருக்கு வேலை இல்லை. நான் ஷெட்டுக்குள் பாய்ந்து, பெங்களூருக்குப் போக வேண்டிய பெட்டி ஒன்றின் பிளக்கைச் சொருகினேன். ட்யூப் சூடேறுவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில், கீழே ஓடிவந்த ஃபரீன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது.

புள்ளிகள் வந்தன. அமீர் மூச்சு விட்டான்.

அப்போது ஷெட்டில் பதினேழு ட்யூப் இருந்தன. எலவனாசூர்கோட்டை வரைக்கும் வீடு வீடாக அலைந்து இன்னும் ஒன்பது சேர்த்தேன். வேறு கிடைக்கவில்லை. என்னைப் போன்றவர்கள்தான் எல்லாவற்றையும் உடைத்துத் தீர்த்துவிட்டோமே. முதல் ட்யூப் நான்கு மாதம் தாங்கியது. அடுத்தது இரண்டு மாதம். இப்போது ஒன்று பத்து நாள் வந்தால் பெரிது. உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே அவற்றைத் தீர்த்துவிடுகிறார்.

அமீரும் மாறினான். கடைக்கு வருவதை நிறுத்தினான். கேம் மெஷினைத் தொடுவதில்லை. நாள் முழுக்க டிவிக்கு எதிரில் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டால், "சும்மாதான் மச்சான்" என்பான்.

போன மாதம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மின்தடை என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவனுக்காக வாங்கிப் போட்ட இன்வெர்ட்டரை நம்பியிருந்தேன். இரண்டரை மணிக்கு அது 'கீ' என்று கத்தி ஓய்ந்தது.

மாடிக்கு ஓடினேன். டிவி அணைந்திருந்தது. ஃபரீன் சோற்றுத் தட்டோடு வாசல்படியில் உறைந்து நின்றாள். அமீர் துடிப்பான் என்று நினைத்தேன். அவன் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான். மூச்சு சீராக வந்தது.

அணைந்த கண்ணாடியைப் பார்த்தேன். நான் தெரிந்தேன், ஃபரீன் தெரிந்தாள், அமீர் தெரிந்தான். வேறு யாரும் இல்லை.

ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். அவன் கழுத்தில் ஒரு தடமும் விழவில்லை.

"போயிட்டாராங்க?" என்றாள் ஃபரீன் மெதுவாக.

"அப்படித்தான் இருக்குது."

அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே, ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக, டிவிக்கு முன்பக்கமாக அவனிடம் நடந்தாள்.

"நகரு" என்றான் அமீர்.

குரல் அவனுடையதுதான். கண் மட்டும் அணைந்த கண்ணாடியில் இருந்தது.

"மறைக்குது."

ஃபரீன் சிரித்துவிட்டாள். தம்பி விளையாடுகிறான் என்று நினைத்துவிட்டாள். "கரண்டே இல்ல, இன்னாடா மறைக்குது உனக்கு?" என்று அவன் தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

இரண்டாவது தடவை அவர் சொல்லமாட்டார்.

எனக்கு அது ஞாபகம் வந்தபோது அவனுடைய கை அவள் கழுத்தில் இருந்தது. தட்டு உருண்டது. நான் அவன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். கடித்தேன்கூட. நாற்பது கிலோ இருக்கிற பையனின் கை அது, இம்மிகூட அசையவில்லை. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓதியதெல்லாம் எனக்கே கேட்கவில்லை.

அன்றைக்குக் கரண்ட் நேரத்தோடு வந்தது. அதனால்தான் என் மனைவி உயிரோடு இருக்கிறாள்.

மழைச் சத்தம் வந்ததும் கை விட்டது. அமீர் தன் கையைப் பார்த்தான், கீழே கிடந்த அக்காவைப் பார்த்தான். "நான் இன்னா பண்ணேன் மச்சான்?" என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழுதான். அது எங்கள் அமீர். டிவி ஓடும்வரைதான் அவன் எங்களுக்கு இருப்பான். ஷெட்டில் இன்னும் இரண்டு பெட்டி இருக்கின்றன. அதனால்தான் விற்பதற்கு இல்லை என்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தால் சொல்லுங்கள், எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

ஃபரீனின் கழுத்துத் தடம் இன்னும் போகவில்லை. அவள் துப்பட்டாவால் மூடிக்கொள்கிறாள், அமீர் பார்த்தால் வருத்தப்படுவான் என்று. நேற்று மருந்து தடவும்போது எண்ணினேன். ஒரு பக்கம் கட்டைவிரல். மறுபக்கம் மூன்று.

அமீரின் கையில் ஐந்து விரல்களும் இருக்கின்றன.